ஏணி வைத்த விமானங்கள்

"இடுக்கியை அப்படியா பிடிப்பாங்க? பேனா பிடிக்கற மாதிரி பிடிடா," என்றாள் அக்கா, கட்டிலில் சாய்ந்தபடியே.

தம்பி மூச்சை அடக்கிக்கொண்டு கையைத் தூக்கினான். இடுக்கியின் நுனியில் ஈரம் சொட்டச் சொட்ட ஒரு துண்டுத் தாள். அதன்மேல் கடுகளவு சிவப்பு முக்கோணம். மேஜைமேல் நின்ற மிக்-21 சண்டை விமானத்தின் விலாவில் அதை ஒட்ட வேண்டும். விமானமே ஒரு பள்ளிக்கூட ஸ்கேல் நீளம்தான்.

"அத்தனை வருஷம் கேண்டீன்ல இடுக்கி பிடிச்சவன்தானே நீ?"

"அது அண்டா தூக்கற இடுக்கி. இது என்ன, கொசுவுக்குப் பல்லு பிடுங்கறதா?"

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு பாதியில் இருமலாகி, இருமல் மூச்சிரைப்பாகி, அவள் கண்ணை மூடிக்கொண்டாள். தம்பி எல்லாவற்றையும் அப்படியே வைத்துவிட்டு எழுந்து முதுகைத் தடவிக் கொடுத்தான். நைட்டிக்குள் தோள்பட்டை எலும்பு கையில் இடித்தது.

"வெச்சுட்டு வந்துட்டியா? காஞ்சா வீணாப்போயிடும். போ, போய் ஒட்டு."

அவனுக்கு அறுபது தாண்டிவிட்டது. ஆனாலும் தெருவில், கடையில், வேலை பார்த்த தொழிற்சாலை கேண்டீனில் எல்லாருக்கும் அவன் தம்பிதான். அக்கா கூப்பிட்டுக் கூப்பிட்டு அப்படியே ஒட்டிக்கொண்ட பெயர். கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள் அக்கா. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பது அவள் வேலை. தம்பியின் மனைவி இறந்து, கைக்குழந்தையை வைத்துக்கொண்டு அவன் கையும் ஓடாமல் காலும் ஓடாமல் நின்றபோது, ஒரு சூட்கேஸையும் ஒரு அட்டைப்பெட்டியையும் தூக்கிக்கொண்டு இந்த வீட்டுக்கு வந்தாள். சூட்கேஸில் துணி. அட்டைப்பெட்டியில் பழைய பேப்பர் சுற்றிய விமானங்கள்.

அந்தப் பழக்கம் எலும்பு வார்டில் தொடங்கியது. காலில் கட்டுப்போட்டுக் கிடந்த ஒரு பையனுக்கு யாரோ விமானம் செய்யும் பெட்டி ஒன்றைப் பரிசாகக் கொடுத்திருந்தார்கள். அவன் பிரித்துப் பார்த்து, அலுத்துப்போய், கட்டில் அடியிலேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டான். அக்கா அதை எடுத்துத் திறந்து பார்த்தாள். "உள்ள எல்லாம் எலும்பு மாதிரியே வரிசையா அடுக்கி இருந்துச்சுடா. சேத்துப் பாக்காம இருக்க முடியலை," என்று பின்னால் சொல்லியிருக்கிறாள். இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து முன்னறை அவளுடையது. பிளாஸ்டிக்கைச் சீவுவாள், ஒட்டுவாள், ஒட்டின தடம் தெரியாமல் உப்புத்தாளால் தேய்ப்பாள், சின்ன கம்ப்ரஸரை ஓட்டிப் பெயின்ட் அடிப்பாள். வீடு முழுக்க நெடி அடிக்கும். "சோத்துல பெட்ரோல் வாசம் வருது," என்று தம்பி தட்டை நகர்த்துவான். "அப்போ நல்லா ஓடுவே, சாப்பிடு," என்பாள்.

அவனுக்கு மனசுக்குள் ஒரு வருத்தம் இருந்தது. வாயைத் திறந்து சொன்னதில்லை. புருஷன், பிள்ளை என்று எதுவும் இல்லாமல், தன் குடும்பத்துக்காகவே தேய்ந்துபோனவள், பாவம், பிளாஸ்டிக்கைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளே என்பதுதான் அது. மாதத்தில் சில ஞாயிற்றுக்கிழமைகளில் "எங்க ஆளுங்களைப் பாக்கப் போறேன், நீயும் வாயேன்" என்று கூப்பிடுவாள். "எனக்கு வேற வேலை இல்லையா?" என்று திரும்பிப் படுத்துக்கொள்வான். யார் அந்த ஆளுங்க என்று ஒருநாளும் கேட்டதில்லை.

போன வாரம் டாக்டர் அவனைத் தனியாக அழைத்தார். அக்காவின் இதயம் களைத்துப்போய்விட்டது, வீட்டுக்கு அழைத்துப்போய் அவர் விரும்புகிறபடி வைத்துக்கொள்ளுங்கள் என்றார். அக்காவிடம் எப்படிச் சொல்வது என்று அவன் வெளித் தாழ்வாரத்திலேயே மென்று முழுங்கிக்கொண்டு நின்றான். அவளோ, "வீட்டுக்குப் போகச் சொல்லிட்டாரா? அதுக்கு என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியும்டா. நான் அங்கேயே பழம் தின்னு கொட்டை போட்டவ," என்று செருப்பைத் தேடினாள்.

வந்ததும் கட்டிலை முன்னறைக்குத் தள்ளச் சொன்னாள், மேஜை கைக்கெட்டுகிற மாதிரி. ஆனால் கை எட்டியதே தவிர, விரல்கள் வீங்கி நடுங்கின. ஒருநாள் முயன்று பார்த்தாள். மறுநாள் தம்பியைப் பார்த்தாள். அவன் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டான்.

"வேணும்னா நான் ஒட்டித் தரட்டுமா?" என்று ஒரு பேச்சுக்குத்தான் கேட்டான்.

"கையைச் சோப்புப் போட்டுக் கழுவிட்டு வா," என்றாள்.

இப்போது சிவப்பு முக்கோணம் தாளிலிருந்து வழுக்கிக்கொண்டு விமானத்தின்மேல் இறங்கியது. தூரிகை நுனியால் நகர்த்தச் சொன்னாள். நகர்த்தினான். பக்கத்துச் சின்ன பாட்டிலில் இருந்த திரவத்தை ஒரு துளி தொட்டு வைக்கச் சொன்னாள். வைத்ததுதான் தாமதம், முக்கோணம் சுருங்கிக் கசங்கிக் கிழவி முகம் மாதிரி ஆகிவிட்டது.

"ஐயோ, கெட்டுப்போச்சு!"

"தொடாதே! அப்படித்தான் சுருங்கும். நீ கையை வெச்சாத்தான் கெடும். சும்மா விடு, அதுவா படிஞ்சுக்கும்."

தம்பி இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டான். கேண்டீனில் பால் பொங்கும்போதுகூட இப்படிப் பதறியதில்லை.

சுவரோரம் கண்ணாடி அலமாரியில் விமானங்கள் வரிசையாக நின்றன. சாம்பல், பச்சை, மணல் நிறம். ஒன்றுகூடப் பறக்கிற பாவனையில் இல்லை. எல்லாமே சக்கரம் ஊன்றி, மேல்மூடி திறந்து, பக்கத்தில் தீக்குச்சி அளவில் ஒரு ஏணி சாய்ந்து, உள்ளே இருக்கை காலியாக இருந்தன. இத்தனை வருஷம் பார்த்தும் அவன் கேட்காததை இப்போது கேட்டான்.

"ஏன்க்கா, ஒண்ணையாவது பறக்கற மாதிரி செய்யக் கூடாதா? சண்டைக்குப் போற விமானம்தானே?"

"போனதெல்லாம் போகட்டும். என்கிட்ட வர்றது திரும்பி வந்ததுதான். இறங்கி வந்துட்டான்னா ஆளு பத்திரமா இருக்கான்னு அர்த்தம். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுட்டுத் தூங்கிட்டிருப்பான்."

"சாப்பாடு போட யார் இருக்கா?"

"எவனாவது ஒருத்தன் இருப்பான், திட்டிக்கிட்டே," என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடினாள். உதட்டோரம் சிரிப்பு இருந்தது.

பால் சூடு பண்ணிக்கொண்டு வருகிறேன் என்று அவன் எழுந்தான். "சக்கரை கம்மியாப் போடாதே. இனிமே யாருக்குப் பயப்படணும்?" என்றாள். அடுக்களையில் பாலைக் காய்ச்சி, சர்க்கரையைத் தாராளமாகப் போட்டு, இரண்டு டம்ளரில் மாற்றி மாற்றி ஆற்றினான். எதிர்வீட்டில் யாரோ வாளியில் தண்ணீர் பிடிக்கிற சத்தம் கேட்டது. டம்ளரை எடுத்துக்கொண்டு முன்னறைக்கு வந்தான்.

அக்கா மேஜைப் பக்கமாகத் தலையைச் சாய்த்திருந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்து, டம்ளரை மூடி வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தான். விமானத்தைக் குனிந்து பார்த்தான். அவள் சொன்னது சரிதான். சுருக்கம் எல்லாம் போய், முக்கோணம் பெயின்டில் எழுதியதைப்போல் படிந்திருந்தது.

"அக்கா, படிஞ்சுடுச்சு பாரேன்," என்றான்.

கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தரம் சொன்னான். பிறகுதான் திரும்பி அவள் மார்பைப் பார்த்தான்.

மறுநாள் காலையில் வீடு நிறைந்துவிட்டது. வெளியூரிலிருந்து மகள் விடிவதற்குள் வந்து, அத்தையின் காலருகே உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. பெரியப்பா மகன், கட்டட கான்ட்ராக்டர், வந்ததும் வராததுமாக எல்லாவற்றையும் கையில் எடுத்துக்கொண்டார். நாற்காலி எங்கே போடுவது, வண்டி எப்போது வருவது, யார் எங்கே உட்காருவது எல்லாம் அவர் சொற்படிதான் நடந்தது. வேறு சமயமாயிருந்தால் தம்பிக்கு எரிச்சல் வந்திருக்கும். அன்று யாராவது சொன்னால் தேவலை என்றுதான் இருந்தது. மேஜையை மட்டும் யாரும் நகர்த்த விடாமல், மிக்கின்மேல் ஒரு வெள்ளைத் துணியை மூடி வைத்தான். மற்றபடி சொன்ன இடத்தில் நின்றான். யாரும் சொல்லாதபோது அடுக்களைக்குப் போய் டீ போட்டான்.

"இன்னிக்காவது உக்காருப்பா. யாராவது போட மாட்டாங்களா?" என்றாள் மகள், அழுத குரலில்.

"போடுவாங்க. வாயில வைக்க முடியாது," என்றான்.

வெயில் ஏறிய பிறகு, முன்பின் தெரியாத மூன்று பேர் வாசலில் செருப்பை விட்டுவிட்டு வந்தார்கள். கைவிரல் மடிப்பெல்லாம் கறுப்பேறிய ஒரு பருத்த மனிதர். முழுக்கைச் சட்டையும் கண்ணாடியும் போட்ட ஒல்லியான ஒருவர். கூடவே ஒரு இளம்பெண். மூவரும் அக்காவின் பக்கத்தில் போய் நின்றார்கள். கும்பிட்டார்கள். அந்தப் பெண் குனிந்து அக்காவின் வீங்கிய விரல்களைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு மூவர் கண்களும் ஒரே சமயத்தில் அலமாரிப் பக்கம் போயின. போனவை திரும்பவில்லை.

ஒல்லி மனிதர் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு அலமாரியில் மூக்கு இடிக்கும்படிக் குனிந்தார். பருத்தவர் அவர் காதில் ஏதோ சொன்னார். ஒல்லியானவர் தலையாட்டி மறுத்தார். பருத்தவர் விரலை நீட்டிக் காட்டினார். இழவு வீட்டில் வந்து பொம்மை பார்த்துக்கொண்டு நிற்கிறார்களே என்று தம்பிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டீத் தட்டோடு நேரே அவர்களிடம் போனான்.

"நீங்க யாருன்னு தெரியலையே?"

பருத்தவர் திடுக்கிட்டுத் திரும்பினார். "மன்னிச்சுக்கோங்க. நான் பஸ் ஸ்டாண்டுகிட்ட டயர் கடை வெச்சிருக்கேன். இவர் பேங்க்ல இருக்கார். இவங்க பல் டாக்டர். ஞாயித்துக்கிழமை கூடி விமானம் செய்யறவங்க, நாங்கல்லாம் கமாண்டரோட ஆளுங்க."

"கமாண்டரா?"

"அக்காவை அப்படித்தான் கூப்பிடுவோம். ஒரு ஓரத்துல ஒட்டுத் தடம் தெரிஞ்சாப் போதும், கிழிகிழின்னு கிழிச்சுடுவாங்க. எலும்பு கூடாத மாதிரி இருக்கு, உடைச்சுட்டு மறுபடி ஒட்டுன்னு சொல்லுவாங்க." தட்டிலிருந்து ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டார். ஒரு வாய் குடித்தவர் நிமிர்ந்து தம்பியின் முகத்தைப் பார்த்தார்.

"நீங்கதான் கிரவுண்ட் ஸ்டாஃபா?"

"என்னது?"

பல் டாக்டர் அவசரமாகக் குறுக்கிட்டாள். "தப்பா எடுத்துக்காதீங்க. உங்களைப் பத்தி அப்படித்தான் சொல்லுவாங்க. எங்க வீட்டுல ஒரு கிரவுண்ட் ஸ்டாஃப் இருக்கான், ஏணி வைக்கறது, சாப்பாடு போடறது, திட்டறது எல்லாம் அவன் பொறுப்பு, அவன் இல்லேன்னா நான் தரையை விட்டே கிளம்ப முடியாதுன்னு. டீ நல்லா இருக்கும்னு ரொம்பப் பீத்திக்குவாங்க."

தம்பி தட்டை இறுகப் பிடித்துக்கொண்டான். அதற்குள் பின்னால் ஒரு குழந்தை வீறிட்டது.

கான்ட்ராக்டரின் பேத்தி, கூட்டத்தில் கசகசத்துப் போய் அழுதுகொண்டிருந்தது. அவர் அதைச் சமாதானப்படுத்துவதற்காக அலமாரியின் மறுபக்கக் கதவைத் திறந்து, கைக்கு அகப்பட்ட ஒரு விமானத்தை எடுத்துக் கொடுத்துவிட்டார். "இனிமே இதை யார் வெச்சுக்கப் போறா? பிள்ளைங்க ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்கட்டும்," என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னதும் தம்பியின் காதில் விழுந்தது. குழந்தை விமானத்தை மூக்கைப் பிடித்துத் தூக்கியது. முன்னால் நீட்டிக்கொண்டிருந்த ஊசி போன்ற குழல் படக்கென்று ஒடிந்தது.

"வைடா அதை!"

அந்தக் கத்தல் தன்னிடமிருந்துதான் வந்தது என்று தெரிய அவனுக்கே கொஞ்ச நேரம் ஆனது. பெரியப்பா மகனை அவன் வாழ்நாளில் 'டா' போட்டதில்லை. குழந்தைகூட அழுகையை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தது.

"அவ செத்து ஒரு நாளாகலை. அதுக்குள்ள ஆளுக்கு ஒண்ணா? ஒவ்வொண்ணுக்கும் எத்தனை மாசம் உக்காந்திருப்பா தெரியுமா? நான் பாத்திருக்கேன். நான்..."

கான்ட்ராக்டர் முகம் சிறுத்துப்போய், குழந்தையிடமிருந்து விமானத்தை வாங்கி நீட்டினார். "தெரியாமச் செஞ்சுட்டேன்டா தம்பி. அழுதுச்சேன்னு கொடுத்தேன்," என்றார். சின்ன வயசில் அவரும் அக்காவும் ஒரே வகுப்பு என்பது தம்பிக்கு அப்போதுதான் உறைத்தது. அவன் போய் அவர் தோளைத் தொட்டான். அவர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, வந்ததிலிருந்து அழாதவர், மூக்கைச் சிந்தி அழுதார்.

டயர் கடைக்காரர் தரையில் மண்டியிட்டு ஒடிந்த துண்டைத் தேடி எடுத்தார். தேய்த்துத் தேய்த்துக் கறுத்த அந்த விரல்கள் அதை ஒரு பூச்சியைப் பிடிப்பதுபோல் பிடித்திருந்தன.

"இதை ஒட்டினா நிக்காது. வீட்டுல ஊசி இருக்கா? இன்ஜெக்‌ஷன் ஊசி?"

மருந்து டப்பாவில் பிரிக்காத ஊசிகள் மிச்சம் இருந்தன. மகள் எடுத்துக்கொண்டு வந்தாள். அவர் ஊசியை வெட்டி, உரசி, மூக்கில் பொருத்தினார். பேங்க்காரர் ஒட்டும் பசையைத் தொட்டு வைத்தார். பல் டாக்டர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, "கொஞ்சம் இடது... போதும்," என்றாள். அக்கா கிடந்த இடத்திலிருந்து நாலடி தள்ளி இந்த வேலை நடந்தது. ஒரு கிழவர்கூட எழுந்துவந்து எட்டிப் பார்த்தார்.

பேங்க்காரர் நிமிர்ந்தபோது கண் மேஜைக்குப் போனது. "அந்தத் துணிக்கு அடியில..."

தம்பி துணியை எடுத்தான். மூவரும் குனிந்தார்கள். பேங்க்காரர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார்.

"வலப்பக்கம் பாக்கி இருக்கு. இடப்பக்கம் யார் ஒட்டினது?"

"நான்தான்."

டயர் கடைக்காரர் தாடையைச் சொறிந்தார். சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கிவிட்டு, "ரெண்டு மூணு இடத்துல கோணலா இருக்கு," என்றார்.

தம்பிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்காவைப் பக்கத்தில் கிடத்தி வைத்துக்கொண்டு, வாயைப் பொத்தியும் அடங்காமல் தோள் குலுங்கச் சிரித்தான். எங்கே சிரிப்பு முடிந்து எங்கே அழுகை தொடங்கியது என்று மகளுக்குத் தெரியவில்லை. அவள் எழுந்துவந்து அப்பாவின் முதுகில் கையை வைத்தாள்.

மதியத்துக்குமேல் வண்டி வந்தது. தூக்கும்போது தலைமாட்டில் தம்பியும் கான்ட்ராக்டரும், கால்மாட்டில் டயர் கடைக்காரரும் பேங்க்காரரும் நின்றார்கள். "பாத்து, பாத்து, வாசப்படி," என்றார் டயர் கடைக்காரர். அக்கா ஒன்றும் கனக்கவில்லை.

எல்லாம் முடிந்து, குளித்து, வந்தவர்கள் ஒவ்வொருவராகச் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பினார்கள். கான்ட்ராக்டர் நாற்காலிகளை அடுக்கி ஏற்றிவிட்டு, வாசலில் நின்று ஒரு தரம் உள்ளே பார்த்துவிட்டுப் போனார். மகள் உள்ளறையில் படுத்த உடனே தூங்கிவிட்டாள். கட்டில் இருந்த இடம் வெறிச்சென்று இருந்தது. தம்பி அந்த வெற்றிடத்தைச் சுற்றிக்கொண்டு நடந்தான், இன்னும் கட்டில் அங்கேயே கிடக்கிற மாதிரி.

வாசலில் நிழல் ஆடியது. மூவரும் போகாமல் நின்றுகொண்டிருந்தார்கள்.

"இன்னும் ஒரு தரம் பாத்துட்டுப் போகட்டுமா?" என்றாள் பல் டாக்டர். "காலையில சரியாப் பாக்க முடியலை."

"வாங்க," என்று விலகி நின்றான்.

அவர்கள் அலமாரியைத் திறந்து, ஒவ்வொன்றாக இரண்டு கையாலும் ஏந்தி எடுத்துப் பார்த்தார்கள். முதலில் இழவு வீட்டுக் குரலில்தான் பேசினார்கள். பிறகு பேங்க்காரர், "இந்தச் சாம்பல் கொஞ்சம் வெளுத்த மாதிரி இருக்கு. நிஜ விமானத்துல இன்னும் நீலம் அடிக்கும்," என்றார்.

"வெயில்ல நின்ன விமானம் வெளுக்காம என்ன பண்ணும்? தெரிஞ்சுதான் அடிச்சிருக்காங்க," என்றார் டயர் கடைக்காரர்.

"போன மீட்டிங்ல நான் சொன்னேன், கமாண்டர் ஒத்துக்கிட்டாங்க."

"ஒத்துக்கிட்டாங்களா? உன்னைப் பேச விட்டு வேடிக்கை பாத்தாங்க!"

"ஜன்னல்கிட்ட கொண்டுவாங்க, வெளிச்சத்துல பாக்கலாம்," என்றாள் பல் டாக்டர். ஆனால் ஜன்னலிலும் வெளிச்சம் மங்கிவிட்டது. மூவரும் தலையோடு தலை முட்ட, அந்தச் சின்ன விமானத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள்.

தம்பி சுவரோரமாகப் போய் விளக்கைப் போட்டான். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவன் அடுக்களைக்குப் போய் டீக்குத் தண்ணீர் வைத்தான். ஸ்டவ் உஸ்ஸென்று இரைந்தது. முன்னறையில் சாம்பலா நீலமா என்று குரல்கள் உயர்ந்தன. ஒரு நிமிஷம் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, கையை நீட்டி ஸ்டவ்வைக் குறைத்து வைத்தான்.